ஒரே அச்சில் வார்த்தவையா?

ஒருவரைப் போலவே இன்னொருவர் இருந்தால் ‘அச்சு அசல்’ என்கிறோம். ‘ஒரே அச்சில் வார்த்தாற்போல’ என்கிறோம். டைனோசர் பொம்மை உருவங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது நானும் அந்தப் பேச்சை அப்படியே நம்பினேன். ஓர் அச்சு என்றால் ஓர் உருவம்; அது கைக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது. இரண்டாவது எதற்கு என்று எத்தனையோ நல்ல உருவங்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனது அடித்துக்கொள்கிறது.

அந்த நம்பிக்கையை உடைத்தவை இரண்டு ஸ்டெகோசாரஸ்கள். உள்ளங்கையில் அடங்காத நீளம், மங்கிய பச்சை உடல், முதுகுத் தட்டுகளில் செங்கல் நிறம். வயிற்றில் ‘சைனா’ என்ற ஒரே சொல். நிறுவனப் பெயர் இல்லை, வருடம் இல்லை. இப்படி ஊர் மட்டும் தெரிந்து பெற்றோர் தெரியாத உருவங்களைச் சேகரிப்பாளர்கள் ‘சைனாசார்’ என்று செல்லமாக அழைப்பார்கள். ஒன்று என்னிடம் முன்பே இருந்தது. இன்னொன்று பழைய பொம்மைக் குவியல் ஒன்றோடு சேர்ந்து வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்குத்தான் தெரிந்தது. புதிதாக வந்தது கொஞ்சம் லேசாக இருந்தது. வெர்னியர் அளவுகோலை எடுத்து மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தேன். பழையது 142 மி.மீ., புதியது 138.5. மூன்று தடவை அளந்தும் அதே எண்கள்தான்.

மூன்றரை மில்லிமீட்டர். அந்த இடைவெளிக்குக் காரணம் தேடப் போய்த்தான் இந்தப் பொம்மைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதையே படித்துத் தெரிந்துகொண்டேன்.

‘வேரியன்ட்’ என்ற சொல் சேகரிப்பாளர்கள் மத்தியில் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறது. நான் அதை ஒரே பொருளில்தான் பயன்படுத்துகிறேன். தொழிற்சாலையில் யாரோ எதையோ மாற்றியிருக்க வேண்டும்: அச்சை, பிளாஸ்டிக்கை, வண்ணத்தை, முத்திரையை. என்ன மாறியது என்று என்னால் சொல்ல முடிந்தால் அது வேரியன்ட். சொல்ல முடியாவிட்டால், அது தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அந்த ஒரு பொம்மைக்கு நேர்ந்தது. வெயில் பட்டிருக்கும், பெட்டியின் அடியில் நசுங்கியிருக்கும், யாராவது ஒரு மத்தியானம் பெயிண்டும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வித்தியாசம் எனக்குப் புரியக் காரணம் ஒரு பாராசாரோலோபஸ். எல்லோரிடமும் இருப்பது பச்சை. எனக்குக் கிடைத்தது நீலம். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுப்போட்ட நீலம் இல்லை, தலைக்கொண்டையிலிருந்து வால் வரை சீரான, அழகான, சாம்பல் கலந்த நீலம். ஆரம்பகால வண்ணம் என்று முடிவு கட்டி, குறிப்பேட்டில் பேனாவால் எழுதியும் விட்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் அதை ‘முதல் வெளியீடு’ என்றே மற்றவர்களுக்குக் காட்டினேன். ஒருநாள் தூசி துடைக்கும்போது பின்னங்கால்கள் இரண்டும் தொடையோடு சேரும் இடுக்கில் ஈரத்துணி நுழைந்தது. உள்ளே பச்சை. பாதத்தின் அடியைத் திருப்பினேன், அங்கேயும் பச்சை. மஞ்சளும் நீலமும் கலந்து செய்த பச்சையில் மஞ்சள் சாயம் வெயிலுக்கு முதலில் தோற்றுப்போகும், நீலம் மட்டும் மிஞ்சும். யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலோரத்தில் பல வருடம் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். நான் காட்டியவர்களில் இரண்டு பேர் அதே மாதிரி நீலம் தேடிக்கொண்டிருந்தார்கள். இருவரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து இரண்டு வழக்கங்கள். எந்த நிறத்தையும் நம்புவதற்கு முன்னால் வெளிச்சம் எட்டாத இடங்களைப் பார்ப்பேன்: பாதத்தின் அடி, வாயின் உள்பக்கம், தொடை இடுக்கு, விலைச்சீட்டு கட்டியிருந்த நூலின் கீழே. இரண்டாவது, ஒரே மாதிரியான மூன்று உருவங்களை மூன்று வேறு வேறு இடங்களிலிருந்து பார்க்கும் வரை குறிப்பேட்டில் பென்சிலால்தான் எழுதுவேன். மூன்று பார்த்த பிறகுதான் பேனா.

சரி, அச்சுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சிற்பி களிமண்ணிலோ மெழுகிலோ செய்த மூலத்திலிருந்து எஃகில் அச்சு வெட்டுகிறார்கள். எளிய உருவத்துக்கு இரண்டு பாதி போதும். சிக்கலான உருவத்துக்குத் துண்டுகள் கூடும். உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி, ஆறியதும் சிறு ஊசிகளால் உந்தித் தள்ளி வெளியே எடுக்கிறார்கள். இதில் ஒவ்வொரு வேலையும் உருவத்தின் மேல் ஒரு தழும்பை விட்டுப்போகிறது. பாதிகள் சேரும் இடத்தில் இணைப்புக்கோடு. பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த துளை இருந்த இடத்தில் ஒரு சின்ன மொட்டு. பெரும்பாலும் அதைச் செதுக்கி எடுத்திருப்பார்கள், ஆனாலும் தடம் இருக்கும். உந்து ஊசி பட்ட இடத்தில் காசு பதித்தாற்போல வட்டம். சில அச்சுகளில் ஒரு சிறு கடிகாரம்கூடப் பதித்திருப்பார்கள்: சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் வருடம், ஒரு அம்புக்குறி. அது தெரிந்தால் அன்றைக்கு எனக்குத் திருவிழா.

இந்தத் தழும்புகளைக் கொண்டு ஒரே அச்சின் பிள்ளைகளை வரிசைப்படுத்த முடியும் என்பதுதான் ஆச்சரியம். காரணம் எளிது. உருவத்தில் எழுத்து மேடாக இருந்தால், அச்சில் அது பள்ளம். அச்சில் புதிதாக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டுமென்றால் எஃகில் கொஞ்சம் செதுக்கினால் போதும். இருக்கும் சொல்லை எடுக்க வேண்டுமென்றால்தான் பாடு. பள்ளத்தை உலோகம் வைத்து நிரப்பித் தேய்க்க வேண்டும், அல்லது அந்தப் பகுதி முழுவதையும் இன்னும் ஆழமாகக் குடைந்துவிட வேண்டும். நிரப்பினால் உருவத்தின் தோலில் வரிகள் திடீரென்று நின்று வழவழப்பான ஒரு திட்டு தெரியும். குடைந்தால் எழுத்தில்லாத ஒரு மேட்டுச் செவ்வகம் தெரியும். ஆக, இரண்டு உருவங்கள் எல்லா விதத்திலும் ஒன்றாக இருந்து, ஒன்றில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தால், பெரும்பாலும் வரி கூடுதலாக உள்ளதுதான் பிந்தியது. ஒன்றில் எழுத்தும் மற்றதில் அதே இடத்தில் வெற்றுச் செவ்வகமும் இருந்தால், செவ்வகம் உள்ளது பிந்தியது. இதில் சந்தேகம் குறைவு.

அச்சுக்கு அடிபட்டாலும் அப்படித்தான். எஃகில் ஒரு கீறல் விழுந்தால், அன்று முதல் பிறக்கும் ஒவ்வொரு உருவத்திலும் அதே இடத்தில் மயிரிழை போல ஒரு மேட்டுக்கோடு இருக்கும். ஓலைச்சுவடிகளில் பாடபேதம் பார்ப்பவர்கள் இதே வழியில்தான் போகிறார்கள். ஏடு பெயர்த்தவர் ஒரு எழுத்தை விட்டிருந்தால், அந்த ஏட்டைப் பார்த்துப் பெயர்த்த எல்லா ஏடுகளிலும் அதே எழுத்து விடுபட்டிருக்கும். சரியான பாடம் எங்கும் இருக்கலாம். ஒரே பிழை இரண்டு இடத்தில் இருந்தால்தான் உறவு தெரியும். கீறல் இல்லாத டிரைசெராடாப்ஸ் ஒன்று, கீறல் உள்ளது ஒன்று, கீறலும் கூடுதலாக இணைப்புக்கோட்டில் தடித்த பிசிறும் உள்ளது ஒன்று என்று மூன்றை வரிசையாக வைத்தால், ஒரு அச்சு மூப்படைவதையே மேஜையில் பார்க்கலாம். அச்சின் விளிம்புகள் தேயத் தேயப் பிளாஸ்டிக் கசிந்து பிசிறு கூடிக்கொண்டே போகும்.

வயிற்றில் உள்ள வருடத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அதில்தான். பதிந்திருக்கும் வருடம் பெரும்பாலும் சிற்பம் உரிமை பெற்ற வருடம். உங்கள் கையில் உள்ள உருவம் வார்த்த வருடம் அல்ல. இங்கிலாந்தின் இன்விக்டா பிளாஸ்டிக்ஸ் நிறுவனம் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக 1974 முதல் டைனோசர்களை வெளியிட்டது. பல வருடங்கள் அவை ஒரே நிறப் பிளாஸ்டிக்கில் வந்தன. பிற்பாடு அதே உருவங்கள் வண்ணம் பூசியும் வந்தன. வண்ணம் பூசியதன் வயிற்றிலும் பழைய வருடமே இருப்பதைப் பார்த்து, ‘இதுதான் ஆரம்பகாலத்தது’ என்று நினைத்துவிடக் கூடாது. வருடம் அச்சுக்கு உரியது.

அப்படியானால் வார்த்த காலத்தை எப்படி அறிவது? வயிற்றிலும் சீட்டிலும் பெட்டியிலும் உள்ள மற்ற சின்னங்கள் உதவும். இவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ‘மேற்கு ஜெர்மனி’ என்று பொறித்திருந்தால் அந்த எழுத்தை வெட்டியது 1990 அக்டோபர் 3-ஆம் தேதி இரு ஜெர்மனிகளும் சேர்வதற்கு முன்பு. ஷ்லைஷ், புல்லிலாண்ட் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் பழைய சீட்டுகளிலும் விலைப்பட்டியல்களிலும் முகவரி இருந்தால் அஞ்சல் குறியீட்டை எண்ணிப் பாருங்கள். ஜெர்மனி 1993 ஜூலை 1 அன்று நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கத்துக்கு மாறியது. ஷ்லைஷின் அன்றைய ஊரான ஷ்வேபிஷ் க்முண்ட் 7070 என்று இருந்தது. பிற்பாடு 73527 என்ற எண்ணைப் பார்க்கிறோம். ஒரு கசங்கிய காகிதச் சீட்டில் நான்கு இலக்கம் இருப்பதைப் பார்த்துவிட்டு இரவு தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன்.

சி.இ. முத்திரை ஐரோப்பாவில் பொம்மைகளுக்கு 1990-இல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதியோடு வந்தது. பெட்டிகளை மறுசுழற்சிக்குச் சேகரிக்கும் திட்டத்தைக் குறிக்கும் பச்சைப்புள்ளிச் சின்னம் 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெட்டிகளில் தோன்றியது. அமெரிக்காவில் 2008-இல் இயற்றிய குழந்தைப் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2009 ஆகஸ்ட் 14-க்குப் பிறகு தயாரித்த பொம்மைகளில் எங்கே, எப்போது தயாரித்தது என்பதைக் கண்டறிய உதவும் நிலையான குறி இருக்க வேண்டும். பாதத்தின் அடியிலோ வயிற்றிலோ மையால் அச்சிட்ட புரியாத எண்வரிசை ஒன்று தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். பலர் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தச் சின்னங்கள் எல்லாம் ஒரு பக்கத்தை மட்டுமே பூட்டும் பூட்டுகள். சி.இ. இருந்தால் அந்த உருவம் அந்த விதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. சி.இ. இல்லை என்பதால் முந்தியது என்று ஆகிவிடாது. முத்திரை சீட்டிலோ பெட்டியிலோ இருந்திருக்கலாம், அந்த உருவம் ஐரோப்பாவுக்கே போகாமலும் இருந்திருக்கலாம். ‘மேற்கு ஜெர்மனி’யும் அப்படியே. எஃகை வெட்டிய காலத்தைத்தான் அது சொல்கிறது. அதே அச்சைத் திருத்தாமல் இன்னும் சில காலம் ஓட்டியிருக்கலாம். பெட்டியில் உள்ள பார்கோடும் ஏமாற்றும். 400 முதல் 440 வரை தொடங்கும் எண் ஜெர்மனியில் பதிவு செய்த நிறுவனத்தைக் குறிக்கிறது. பொம்மை எங்கே வார்த்தது என்பதை அல்ல.

ஓர் அச்சே மாறுவது தனிக் கதை. அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் 1955 வாக்கில் வெளியிட்ட டைரனோசாரஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தது தொந்தி சரிந்து, வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கும். சேகரிப்பாளர்கள் அதைப் ‘பானை வயிறு’ என்றே அழைக்கிறார்கள். பிறகு அந்த இடத்தில் ஒல்லியான இன்னொன்று வந்தது. இதைக் கண்டுபிடிக்க லென்ஸ் வேண்டாம், எட்ட நின்றே சொல்லலாம். கண்ணுக்கு எளிது என்பதால் இதற்குத்தான் பேர் அதிகம். கடினம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அந்த நிறுவனம் 1980 வாக்கில் மூடப்பட்ட பிறகும் அதன் பழைய அச்சுகள் பலவற்றை வேறு கைகள் எடுத்து ஓட்டின, மெக்சிகோவிலும் வார்த்தார்கள். அவை போலிகள் அல்ல, உண்மையான அச்சின் உண்மையான பிள்ளைகள். அளவு ஒன்று, எழுத்து ஒன்று, தோல் வரிகளும் ஒன்று. வேறுபடுவது பிளாஸ்டிக்கும் பிசிறும்தான்.

எனவே பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பழக வேண்டும். இதை எழுத்தில் சொல்வது கொஞ்சம் கஷ்டம். பாலிஎத்திலீன் நகத்துக்கு மெழுகு போல வழுக்கும், மேஜையில் தட்டினால் மொத்தென்று சத்தம் வரும். கெட்டியான ஸ்டைரீன் வகை பிளாஸ்டிக் ‘டிக்’ என்று எலும்பு மாதிரி ஒலிக்கும், விளிம்புகள் கூராக இருக்கும். இன்று நாம் வாங்கும் பெரும்பாலான அருங்காட்சியக வகை உருவங்கள் பி.வி.சி. அது மென்மையாக இருக்க அதில் இளக்கி எண்ணெய்கள் சேர்ப்பார்கள். வருடங்கள் போகப் போக அந்த எண்ணெய் மேலே கசிந்து உருவம் பிசுபிசுப்பாகும், கால் வளையும். ஐரோப்பா ஆறு வகை தாலேட் இளக்கிகளைப் பொம்மைகளில் நிரந்தரமாகக் கட்டுப்படுத்திய விதி 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கச் சட்டமும் பின்னாலேயே வந்தது. அந்தக் காலத்தைத் தாண்டி ஓடிய ஒரே அச்சின் முன்பின் உருவங்களை மூடிய பெட்டியில் ஒரு வாரம் தனித்தனியே வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். என்னிடம் உள்ள ஒரு ஜோடியில் வாசனையே வேறாக இருக்கிறது. இதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரமாட்டேன், ஆனால் குறித்துவைப்பேன்.

கால் வளைந்திருந்தால் அது புது நிற்கும் தோரணை என்று நினைத்து ஏமாறுவதும் உண்டு. வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் பி.வி.சி. தன் பிறந்த நிலைக்குத் திரும்பப் பார்க்கும். திரும்பினால் அது கோணல், வேரியன்ட் அல்ல.

வண்ணத்தை நான் கடைசியில்தான் பார்க்கிறேன், பெரும்பாலோர் அதில்தான் தொடங்குகிறார்கள். வண்ணம் பூசும் வேலையில் பாதி கைவேலை. ஒரே நாளில் ஒரே மேஜையில் பூசிய இரண்டு உருவங்கள்கூட வேறுபடும். முதுகுக் கோடு ஒன்றில் தடிப்பாக, ஒன்றில் மெல்லியதாக இருப்பது பிரஷ் பிடித்தவரின் கை. அதை வேரியன்ட் என்று பிரிக்கத் தொடங்கினால் முடிவே இராது. அப்போ எதைப் பார்ப்பது? முறை மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக் கண்ணைப் பாருங்கள். பிரஷ்ஷால் வைத்த புள்ளியில் விளிம்பு உருண்டிருக்கும், நடுவில் பெயிண்ட் குவிந்திருக்கும், இடது கண்ணும் வலது கண்ணும் ஒத்துப்போகாது. சிலிக்கான் திண்டால் ஒற்றி அச்சிட்ட கண்ணில் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும், பத்து உருவங்களிலும் ஒரே வடிவம். பிரஷ்ஷிலிருந்து ஒற்று அச்சுக்கு மாறியிருந்தால் தொழிற்சாலையில் ஒரு கருவியே மாறியிருக்கிறது; அது பேனாவால் எழுத வேண்டிய விஷயம். வரிகளும் அப்படித்தான். உலோக மூடியை வைத்துத் தெளித்த வரியின் ஒரு விளிம்பு தெளிவாகவும், மூடி தோலை விட்டு விலகிய இடத்தில் லேசாகப் புகைந்தும் இருக்கும். கையால் தெளித்தது இரு பக்கமும் புகைந்திருக்கும்.

யாரோ வீட்டில் பூசியதை இனம் காண்பதும் இதே லென்ஸால்தான். கீறலுக்குள் பெயிண்ட் இறங்கியிருந்தால் கீறல் முந்தியது, பெயிண்ட் பிந்தியது. தொழிற்சாலையிலிருந்து கீறலோடு வெளியே வந்திருக்க வாய்ப்பு குறைவு.

நிறுவனமே திட்டமிட்டு வண்ணத்தை மாற்றிய இடங்களில் நமக்கு வேலை சுலபம். பிட்ஸ்பர்க்கின் கார்னகி அருங்காட்சியகத்தின் பெயரில் சஃபாரி நிறுவனம் 1988 முதல் 2015 வரை நடத்திய வரிசையில், ஒரே சிற்பம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வண்ணத்தில் வந்திருக்கிறது. சில விலங்குகளுக்குச் சிற்பத்தையே புதிதாகச் செய்தார்கள். பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காக பட்டாட் நிறுவனம் 1990களில் வெளியிட்ட சிற்பங்களில் சில, 2015 வாக்கில் ‘டெர்ரா’ என்ற பெயரில் புது வண்ணத்தில் திரும்பி வந்தன. ஜப்பானின் கையோடோ நிறுவனம் சாக்லேட்டோடு சேர்த்து வெளியிட்ட குட்டி உருவங்களிலோ ஒரே சிற்பத்துக்குத் தொடக்கத்திலேயே இரண்டு வண்ணம் வைத்தார்கள். அங்கே எது முந்தியது என்ற கேள்வியே கிடையாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் சின்க்ளேர் எண்ணெய் நிறுவனத்தின் டைனோசர் அரங்கில், காசு போட்டால் கண் முன்னாலேயே பாலிஎத்திலீன் டைனோசரை வார்த்துச் சூடாகக் கையில் தரும் மோல்ட்-ஏ-ராமா இயந்திரங்கள் இருந்தன. பிளாஸ்டிக் சுவரின் தடிப்பு, இணைப்புக்கோட்டின் பிசிறு, ஒரு பக்கம் தொங்கிய தலை என்று ஒவ்வொன்றும் தனித்தனி. அதில் நிறம், எழுத்து இரண்டைத் தவிர வேறு எதையும் பிரித்து எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மற்றதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தின் சூடு.

இனி ஸ்டெகோசாரஸுக்குத் திரும்புகிறேன். 138.5 மி.மீ. உள்ளது போலி என்று என் முதல் முடிவு. முடிந்த ஓர் உருவத்தை வைத்து அச்செடுத்து, அதில் வார்த்தால், ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்குவதால் பிரதி எப்போதும் மூலத்தைவிடச் சிறிதாகும். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் இந்த விதியை மட்டும் நம்ப முடியாது. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு அளவு சுருங்கும். ஸ்டைரீன் வகைகள் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் சுருங்குவதில்லை. பாலிஎத்திலீன் இரண்டு, மூன்று பங்கு சுருங்கும். ஒரே அச்சில் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினாலே எனக்குக் கிடைத்த வித்தியாசம் வந்துவிடும். என் சிறிய ஸ்டெகோசாரஸ் லேசாகவும் மென்மையாகவும் இருந்தது. ஆக, அது போலியாகவும் இருக்கலாம், அதே அச்சின் தம்பியாகவும் இருக்கலாம்.

இரண்டிலும் இடது முன்னங்காலில் ஒரே கீறல் இருந்தது. அதைப் பார்த்துத் தம்பி என்றே நினைத்தேன். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது: உருவத்திலிருந்து அச்செடுத்தால் கீறலும் சேர்ந்தே வரும். இணைப்புக்கோடும் வருமே!

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்து, ஒளி தோலின் மேல் சாய்வாக விழும்படி செய்தேன். சிறியதன் தொடையில் இணைப்புக்கோடு தெளிவாக ஓடியது. உருவத்தை மெல்லச் சுழற்றினேன். அந்தக் கோட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட அதோடு சேர்ந்தே, இன்னொரு கோடு. மழுங்கி, தோல் வரிகளுக்குள் மூழ்கி, ஆனால் இருந்தது. பெரியதை எடுத்து அதே இடத்தைப் பார்த்தேன். ஒரே கோடுதான், சிறியதில் மங்கிய கோடு இருந்த அதே இடத்தில். புது அச்சு செய்தவர் பாதிகளைப் பிரித்த இடம் கொஞ்சம் விலகிவிட்டது. பழைய அச்சின் கோடு தோலோடு சேர்ந்து பிரதியில் பதிந்துவிட்டது. உந்து ஊசியின் வட்டமும் சிறியதில் இரண்டாக இருந்தது, ஒன்று புதிது, ஒன்று நிழல் மாதிரி.

அந்த இரவு எனக்கிருந்த நிறைவு பெரியது. பிரதி என்று தெரிந்ததால் அதைத் தூக்கிப்போடவில்லை. அதுவும் ஒரு தொழிற்சாலையில் யாரோ வெட்டிய அச்சுதான், அதற்கும் தனிப் பக்கம் உண்டு. பெயரில்லாத உருவங்களுக்கு இப்படித்தான் வம்சம் கிடைக்கிறது.

டார்ச்சை அணைக்கும் முன் பெரியதை இன்னொரு தடவை மல்லாத்திப் பார்த்தேன். ‘சைனா’ என்ற எழுத்துக்கு மேலே, நான் இத்தனை வருடம் வயிற்றின் இயல்பான வளைவு என்று நினைத்திருந்த இடத்தில், ஒளியின் ஒரு விளிம்பு தட்டி நின்றது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். தாளில் நான்கு கோடுகள் எழுந்து வந்தன. 11 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம் உள்ள ஒரு மேட்டுச் செவ்வகம். உள்ளே எழுத்து இல்லை, தோல் வரியும் இல்லை.

அங்கே ஒரு பெயர் இருந்திருக்கிறது. அச்சைக் குடைந்து அதை எடுத்திருக்கிறார்கள். நான் மூலம் என்று நினைத்ததற்கும் முந்திய ஒன்று எங்கோ இருக்கிறது, வயிற்றில் 11 மி.மீ. நீளத்தில் யாரோ ஒருவரின் பெயரோடு. இதுவரை பழைய குவியல்களில் பதினேழு ஸ்டெகோசாரஸ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். செவ்வகம் உள்ளது இன்னும் ஒன்று கிடைத்தது; பெயர் உள்ளது கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் அந்தப் பக்கம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது, தேய்த்தெடுத்த தாளை அதன் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.